எல்லோருக்கும் இருபது

அந்த எலும்பு வார்டில் நாற்பது கட்டில்கள். நாற்பது பேரும் நிமிடத்துக்குச் சரியாக இருபது தடவை மூச்சு விட்டார்கள். சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கும் இருபது, வலியில் ஊரைக் கூட்டுகிற டீச்சருக்கும் இருபது, கூரை அதிரக் குறட்டை விடுகிற டிரைவருக்கும் இருபது. சார்ட்டைப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருக்கும். இந்த அதிசயத்தைப் பதினைந்து வருடமாக நடத்திக்கொண்டிருந்தவள் மெடல் அக்கா.

பட்டப்பெயர் ஒன்றும் சும்மா வரவில்லை. நர்சிங் இறுதித் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கி மெடல் குத்திக்கொண்டவள் அவள். அதிலும் மூச்சு எண்ணும் செய்முறையில் நூற்றுக்கு நூறு. எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின் மேல் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இதை அவள் வீட்டில் அப்பாவைப் படுக்கவைத்துத்தான் பழகினாள். சைக்கிள் கடைக்காரரான அப்பா, மகளுக்கு உதவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை விடைத்து இழுத்து இழுத்து மூச்சு விடுவார்.

"அப்பா, சும்மா இருங்கப்பா! கணக்கு கெடுது."

"சரி சரி, செத்தவன் மாதிரி கிடக்கிறேன், நீ எண்ணு."

வேலைக்கு வந்த புதிதில் அவளும் எண்ணத்தான் செய்தாள், பாவம். நாற்பது பேருக்கு நாற்பது நிமிடம். அதற்குள் ஊசி நேரம் தப்பும், டாக்டர் கத்துவார், யாராவது பெட்பேன் கேட்டு அலறுவார்கள். மூன்றாம் மாதம் எண்ணுவதைக் கைகழுவினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்தானே எண்ணுவாள்!

போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, கட்டில் கட்டிலாக நின்று வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். மெடல் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னடி, இன்னுமா பரீட்சை எழுதிட்டிருக்கே?"

"ஒரு முழு நிமிஷம்னுதானே அக்கா படிச்சோம்?"

"படிச்சே, பாஸ் பண்ணினே, முடிஞ்சு போச்சு. எல்லாருக்கும் இருபது போடு. ரெண்டு மணிக்குப் போடவேண்டியதையும் இப்பவே போட்டுட்டு சாப்பிட வா."

மற்ற நர்சுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. மறுநாளிலிருந்து அவளும் இருபதுதான் போட்டாள்.

அப்புறம் அப்பா கடை வாசலில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. மகளுடைய வார்டிலேயே பதினேழாம் கட்டில். எழுந்து நடக்கவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும், அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டாம் நாள் மாலை சார்ட்டில் அவளே இருபது போட்டாள். அப்பாதான் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறாரே, எண்ணுவானேன்?

மூன்றாம் நாள் அவள் படித்த நர்சிங் பள்ளியில் செய்முறைத் தேர்வு. தேர்வு நடத்த மெடல் அக்காவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பெருமை இல்லாமலா இருக்கும்? "போயிட்டு வாம்மா, எனக்கென்ன, இது உன் வார்டு" என்றார் அப்பா. "பாத்துக்கோடி" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தேர்வில் ஒரு மாணவி, கட்டிலில் படுத்திருந்த தோழியின் மூச்சை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிச் சொன்னாள். மெடல் அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"உன் அவசரத்துக்கு ஒருத்தரோட உயிர் காத்துட்டு இருக்குமா? ஃபெயில். போ."

அந்த மாணவி அழுதுகொண்டே வெளியே போனாள். அடுத்தவள் வந்து நிற்பதற்குள் வார்டிலிருந்து போன் வந்துவிட்டது.

ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். அப்பாவை முகம்வரை மூடியிருந்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கும், ஒன்றே முக்கால் மணிக்கு உயிர் போனது என்றார் டாக்டர். "காலையிலேயே தெரிஞ்சிருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம். ஆனா சார்ட்ல எல்லாம் நார்மலா இருந்துச்சு."

பதினாறாம் கட்டில் கொத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. "காலையிலேருந்தே நாய் மாதிரி இரைச்சாரும்மா. நர்ஸைக் கூப்பிடட்டான்னு கேட்டேன். வேணாம், என் பொண்ணோட வார்டு, எழுதிட்டுத்தானே போறாங்க, கவனிச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டாரு."

அவள் சார்ட்டை எடுத்தாள். ஆறு மணி, இருபது. பத்து மணி, இருபது. இரண்டு மணிக்கும் இருபது. செத்துக் கால் மணி நேரம் ஆன பிறகும் அப்பா சார்ட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். "நீங்க சொன்ன மாதிரிதான் அக்கா போட்டேன்."

மெடல் அக்காவுக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. அந்தக் கை தானாகப் போய்த் துணிக்கடியில் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தது. கண் நெஞ்சின் மேல் போனது. ஒரு முழு நிமிடம் அப்படியே நின்றாள். அப்பா இந்த முறை துளிகூடக் கணக்கைக் கெடுக்கவில்லை.

வீட்டில் அம்மா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உண்மையைச் சொல்லுடி. கடைசியில மூச்சுக்குத் தவிச்சாரா?"

"இல்லம்மா. இருபதுதான்."

"இருபதுன்னா?"

"எல்லாருக்கும் இருக்கறதும்மா."

சாயங்காலம் வார்டு நர்சுகள் மாலையோடு வந்தார்கள். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள். அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீதான் கடைசிவரைக்கும் கூட இருந்தியாமே தாயி. இருபது தடவை, நோகாம மூச்சு விட்டாராம். நீ எண்ணிப் பார்த்தியாமே."

அந்தப் பெண் மெடல் அக்காவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள் மெடல் அக்கா. "அவதான் எண்ணினா."