வாய்விட்டுப் படிக்கும் கடை

ரங்கூன் துறைமுகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. மூட்டை தூக்கும் நம் ஆட்களுக்கு ஒருவர் தமிழ்ப் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் மூலையில் உட்கார்ந்து, கப்பலில் ஸ்பெயின்காரச் சிப்பந்தி கொடுத்த தினசரியை விரிக்கிறேன். அவர் ஊரில் தொழிலாளிகள் பக்கம் நின்று எழுதும் பத்திரிகையாம். படிப்பவரின் குரல் சட்டென்று நின்றுவிடுகிறது.

மேஸ்திரி ஒருவர் என் பெஞ்சுக்கு வருகிறார்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"மதராஸ்."

"இங்க பேப்பர வாய்விட்டுத்தான் படிப்போம். சத்தமில்லாம படிக்கிறவன் போலீஸ் ஆளு."

எனக்குச் சுருக்கென்கிறது. "இது ஸ்பானிய பாஷை. எனக்குப் படிக்கத் தெரியாது."

"தெரியாததையா இவ்வளவு நேரம் பாத்தீங்க?"

முதல் பக்கப் படத்தைக் காட்டுகிறேன். ஏதோ ஒரு துறைமுகம். கப்பல்கள் நிற்கின்றன, சுமை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்கிறார்கள். மேஸ்திரி வெகுநேரம் பார்க்கிறார்.

"பேப்பர் இங்கயே இருக்கட்டும். நீங்க கிளம்புங்க."

பாதி டீயோடு எழுந்துவிடுகிறேன். தெருவைக் கடந்து திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் அந்தப் பத்திரிகையின்மேல் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தமில்லை.