செருப்பால் ஏறிய கொலஸ்ட்ரால்

வேங்கிக்காலில் அரசு அலுவலக எழுத்தராக இருக்கும் என் சித்தப்பா பரசுராமனுக்குக் கொலஸ்ட்ரால் 290. தைராய்டும் கம்மி.

"தைராய்டு கம்மியானா ஈரல் கொழுப்ப சரியா கழிக்காது. இந்த மாத்திரைய தினமும் காலையில வெறும் வயித்துல போடுங்க, ரெண்டும் சரியாகும்" என்றார் டாக்டர்.

மூன்று மாதத்தில் 195 ஆனது. அந்த மூன்று பௌர்ணமிக்கும் சித்தப்பா கிரிவலம் போயிருந்ததால், பெருமை முழுவதும் மலைக்கே போனது. அலுவலகத்தில் ஆறு பேர் அவர் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். அதற்கப்புறமும் மாத்திரை போடுவது மலையைச் சந்தேகப்படுவது போலாகும் என்று நிறுத்திவிட்டார்.

அடுத்த சோதனையில் 285. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, அதுவும் உயிர்வேதியியல் பட்டதாரி, நான்தான் விளக்கினேன்.

"மாத்திரைய நிறுத்தினதாலதான் ஏறிச்சு சித்தப்பா. இப்படியே போனா ஹார்ட்டுக்கு ஆகாது."

"சரிடா, போடறேன். ஆபீசுல ஏன் ஏறிச்சுன்னு கேட்டா நான் என்னடா சொல்றது?"

மாத்திரை மறுபடி தொடங்கியது. கொலஸ்ட்ரால் 200க்கு இறங்கியது. அலுவலகத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

"நடுவுல கால் வலின்னு செருப்பு போட்டு சுத்திட்டேன்பா, அதான் ஏறிச்சு. கழட்டினேன், எறங்கிடுச்சு."

இப்போது ஏழு பேரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அதில் ஒருவர் மட்டும் வெறும் வயிற்றில் மாத்திரையும் போடுகிறார்.