துரைசானியின் கறுத்த வைன்

இங்கே காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். அடுப்படியில் வைத்து இளக்கினால்தான் தலைக்குத் தடவ முடியும். ஊரில் இருக்கும் உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலைக்கு அருகே இந்தத் தோட்டத்துப் பங்களாவுக்குச் சமையல்காரனாக வந்து எத்தனையோ வருடமாகியும், அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்தால் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. அதே அடுப்படியில், எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில், ஒருநாள் துரைசானி அம்மா ஒரு வைன் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார்.

துரை வெள்ளைக்காரர். அம்மா இத்தாலியின் தென்கோடியில் பிறந்தவர். யுத்தத்துக்குப் போன இடத்தில் துரை அவரைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் அப்பா தன் திராட்சைத் தோட்டத்து வைனை மரப்பெட்டியில் கப்பலேற்றி அனுப்பியிருந்தார். குளிரில் ருசி செத்துவிடும் என்றுதான் அதை அடுப்போரம் வைத்தார் அம்மா. அன்று மாலை விருந்துக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தார்கள். இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். துரையும் சிரித்துவிட்டு விஸ்கி கொண்டுவரச் சொன்னார்.

அம்மா எழுந்து குசினிக்கு, என் அடுப்படிக்கு, வந்தார். இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“நீ குடி, அப்பு.”

“வேணாங்கம்மா. கோயிலுக்குக் காப்புக் கட்டியிருக்கேன்.” மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை.

“நீயும் சிரிக்கிறது?”

“ஐயோ, இல்லீங்கம்மா! ஊர்ல மகளுக்கு மஞ்சக்காமாலை. பொழைச்சு வரணும்னு மாரியாத்தாவுக்கு நேந்திருக்கேன்.”

மகள் என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிபட்டது. இந்த நாட்டில் புதுச் சட்டம் வந்த பிறகு மனைவியையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. நான் போனால் திரும்ப விடுவார்களா என்ற பயத்தில் போகவும் இல்லை. இதையெல்லாம் அவருக்கு எந்தப் பாஷையில் சொல்வது? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டார். “மகளுக்கு” என்று சொல்லித் தன் கிளாஸைக் குடித்து முடித்தார்.

மகள் பிழைத்தாள். காப்பை அவிழ்த்த பிறகு அம்மா எனக்கு மறுபடி ஊற்றினார். கறுப்பென்று சொல்லத்தக்க சிவப்பு. நாவற்பழம் தின்றதுபோல் நாக்கை இழுத்தது. பின்னால் உலர்ந்த திராட்சையின் இனிப்பு வந்தது. நெஞ்சுவரை சூடு இறங்கியது. அம்மா கிளாஸைத் தொட்டு, “சோலே” என்றார்.

“ஆமாங்கம்மா, நல்ல சோலையாத்தான் இருக்கும். எங்க ஊர்லயும் ஆத்தோரம் மாஞ்சோலை இருக்கு.”

அவரும் தலையாட்டினார். மழை மாதத்தில், பல நாள் மூடியிருந்த மேகம் விலகித் தேயிலை மேல் வெயில் விழுந்தபோது, அவர் வாசலுக்கு ஓடிவந்து வானத்தைக் காட்டி, “சோலே! சோலே!” என்று கத்தினார். அவர் பாஷையில் அது சூரியன். நாங்கள் இருவரும் ஒரே வெயிலைத் தொலைத்துவிட்டு இந்த மலையில் நின்றிருக்கிறோம்.

சில வருடங்களில் துரை வேலையை விட்டார். அம்மா போனது இத்தாலிக்கு அல்ல, துரையின் சீமைக்கு. அங்கேயும் குளிர்தானாம். என் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்த சமயம் அது. போய்த் திரும்ப எனக்கு அனுமதியும் கிடைத்திருந்தது. அம்மா கடைசிப் போத்தலை என்னிடம் கொடுத்து, “மகள் கல்யாணம்” என்றார்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அங்க மதுவிலக்கு, அப்பு. தனுஷ்கோடியிலயே புடிச்சு உள்ள வச்சிருவாங்க.”

அவருக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கப்பலேறினேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பந்தல் பிரிப்பதற்கு முன், கழுத்தில் வாடாத மாலையோடு மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, ஊருக்கு எப்பப் போறீங்க?”

நான் நின்றுகொண்டிருந்தது என் சொந்த வீட்டு வாசலில். யோசிப்பதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது.

“வெள்ளிக்கிழமை, தாயி.”