மருமகனுக்கு மேலே ஒரு டொக்டர்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. வழமைபோல ஐந்தரைக்கு எழுந்தேன். கோப்பி குடித்து, மதியத்துக்குப் பாணில் முட்டை வைத்துக் கட்டிக்கொண்டு, புருசெத்தில் எங்கள் தொடர்மாடியிலிருந்து ரயிலடிக்கு நடந்தேன். ஏழரைக்கு முதியோர் இல்லத்தில் வேலை தொடங்கியது. மூன்று பேரைக் குளிப்பாட்டினேன். அவர்களில் ஒருவரின் கணுக்கால்கள் முந்தைய வாரத்தைவிட வீங்கியிருந்தன. தாதியிடம் சொன்னேன். அது எதனால் இருக்கலாம் என்று சொல்லவில்லை. இங்கே நான் உதவியாளர். கண்டதைச் சொல்வது என் வேலை. அதற்குப் பெயர் வைப்பது வேறொருவர் வேலை.

இங்கிலாந்தில் நான் பிசிசியன் அசோசியேட்டாக இருந்தேன். பட்டம் பெற்றபின் இரண்டு வருடப் படிப்பு, கடைசியில் எழுத்துப் பரீட்சை, அதன்பின் மணி அடிக்க அடிக்க இடம் மாறி நோயாளிகளைப் பரிசோதித்துக் காட்டும் பரீட்சை. டொக்டர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. அவர்களுக்கு அது தொடக்கம்தான். பிறகு வருடக்கணக்காக யாராவது அவர்களைச் சோதித்து, அடுத்த படிக்கு ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் அதே படியில் தவறாமல் நிற்கிறோமா என்றுதான் எங்களைப் பார்த்தார்கள். நான் நோயாளியிடம் விபரம் கேட்பேன், உடம்பைப் பரிசோதிப்பேன், பிறகு அடுத்த அறையிலிருக்கும் டொக்டரிடம் போய்ச் சொல்வேன். மருந்துச் சீட்டில் கையெழுத்து அவருடையது. மனைவிக்கு லில்லெஸ்ட்ரோமில் வேலை கிடைத்து இங்கே வந்தபோது, அப்படியொரு தொழில் இந்த நாட்டில் இல்லை என்று பதில் வந்தது. டொக்டராக வேண்டுமென்றால் முதலிலிருந்து படிக்க வேண்டும். தாதியாக வேண்டுமென்றாலும் முதலிலிருந்துதான். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

இதெல்லாம் எங்களோடு இருக்கும் மனைவியின் தாய்க்கு ஏறவேயில்லை. "எங்கடை மருமகன் லண்டன் டொக்டர், இஞ்சை பாஷை படிக்கிறார்" என்று மாமி கோயிலில் சொல்லிவைத்திருந்தார். நான் திருத்தினால் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று நாலு மணிக்கு வீடு திரும்பியபோது சின்ன மாமா சோபாவில் இருந்தார். காலமான என் மாமனாரின் தம்பி அவர். ஊருக்குப் போய்விட்டுக் கொழும்பிலிருந்து பறந்து திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அம்மருட்டிலுள்ள தன் வீட்டிலிருந்து நொண்டி நொண்டி வந்து, இடது காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார்.

"பாரும் மருமகன். பிளேனிலை மடக்கி வைச்சிருந்ததிலை சுளுக்கிப் போட்டுது. எண்ணெய் பூசினால் சரி எண்டு சொல்லும், நான் போறன்."

கெண்டைக்கால் மற்றதைவிட நன்றாகப் பருத்திருந்தது. தொட்டால் சூடு. மெதுவாக அமுக்கியதும் முகத்தைச் சுளித்தார். நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அது கழன்று நெஞ்சுக்குப் போனால் ஆள் தப்புவது கடினம்.

"மாமா, இப்பவே லேகெவக்டுக்குப் போவம். ரத்தக் கட்டியோ எண்டு பார்க்கவேணும்."

"அவசரத்துக்குப் பார்க்கிற இடமெண்டு பேர். மணிக்கணக்கா கதிரையிலை இருத்தி வைப்பாங்கள். டொக்டர் நீர் பார்த்திட்டீர்தானே, பிறகென்ன?"

"நான் டொக்டர் இல்லை மாமா."

குசினிக்குள்ளிருந்து மாமி எட்டிப் பார்த்தார். "உதென்ன தம்பி கதை?"

"உண்மையைத்தான் சொல்லுறன் மாமி. நான் டொக்டருக்குப் படிக்கேல்லை. டொக்டரோடை நிண்டு வேலை செய்யப் படிச்சனான்."

"அப்ப கம்பவுண்டரோ?" என்றார் சின்ன மாமா.

"அதுவும் இல்லை."

"டொக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ரத்தக் கட்டி எண்டு மட்டும் தெரியும்!" காற்சட்டையை இறக்கத் தொடங்கினார். "சுளுக்குத்தான். அண்ணி, தேத்தண்ணியை ஊத்துங்கோ."

நான் டொக்டர் என்றால், நான் பார்த்ததே போதும். அவர் எங்கும் போகத் தேவையில்லை. டொக்டர் இல்லையென்றால், என் சொல்லைக் கேட்கத் தேவையில்லை. எப்படிச் சொன்னாலும் அவர் அந்தச் சோபாவை விட்டு எழும்பப் போவதில்லை. குசினியில் மாமி கேத்திலை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்.

"மாமா, லண்டனிலை எனக்கு மேலை ஒரு டொக்டர் இருந்தவர். நான் ஆரைப் பார்த்தாலும் அவரிட்டைச் சொல்லாமல் வீட்டை அனுப்பினதில்லை. உங்களையும் அப்பிடி அனுப்பேலாது."

காற்சட்டையை இறக்கிய கை நின்றது. "உமக்கு மேலை ஆள் இருக்கோ? பெரிய டொக்டரோ?"

"ஓம். இஞ்சை லேகெவக்டிலைதான் அப்பிடி ஆக்கள் இருக்கினம்."

"அதை முதல்லையே சொல்லுறதுக்கென்ன. எழும்பும், போவம்."

பெரிய டொக்டர் முப்பது வயதுகூட நிரம்பாத பெண். "உதோ பெரிய டொக்டர்?" என்று சின்ன மாமா என் காதுக்குள் கேட்டார். நான் பழகிய ஒழுங்கில் சொன்னேன்: யார், என்ன, எப்போதிருந்து, நான் கண்டது என்ன, எதைப் பற்றிப் பயப்படுகிறேன். நீங்கள் யார் என்று அவர் கேட்டார். மருமகன் என்றேன்.

பயணத்தைப் பற்றிக் கேட்டதோடு நான் நிறுத்தியிருந்தேன். அந்தப் பெண் நிறுத்தவில்லை. சாப்பாட்டில் மனம் இருக்கிறதா, அண்மையில் எடை குறைந்ததா என்று என் மூலம் கேட்டார்.

"பெல்ட்டிலை ரண்டு ஓட்டை உள்ளுக்குப் போயிட்டுது" என்று சின்ன மாமா சிரித்தார். உள்ளே புற்று இருந்தாலும் ரத்தம் இப்படி உறையும். அதை மொழிபெயர்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டொக்டருக்கும் வரவில்லை. வெளியே போய்த் தன் மேலதிகாரியிடம் கேட்டு வந்தார். சில வருடங்களில் அவரிடம் வந்து மற்றவர்கள் கேட்பார்கள்.

கால் ஸ்கேனில் ரத்தக் கட்டி தெரிந்தது. ஊசி போட்டு, குளிசை கொடுத்து, எடை குறைந்ததற்கு வேறு பரிசோதனைகளுக்கும் எழுதி அனுப்பினார்கள். சின்ன மாமாவை அம்மருட்டில் இறக்கிவிட்டு வந்தேன். கதவைத் திறக்கும்போதே மாமி போனில் யாருடனோ கதைப்பது கேட்டது.

"கண்ட உடனை சொல்லிப்போட்டார். அங்கை மிஷினிலை பார்த்தாலும் அதுவேதான். இதுக்குள்ளை தான் டொக்டர் இல்லையாம், பகிடி விடுறார்."

"மாமி" என்றேன். பொறு என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு எடுத்தார்.

மறுநாள் எழுந்ததும் போனைப் பார்த்தேன். அம்மருட்டில் யாரோ ஒருவர், சின்ன மாமாவிடம் நம்பர் வாங்கி, மகளின் கழுத்தில் வந்த தடிப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 'டொக்டர், இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ.' எட்டு மணிக்கு உங்கள் குடும்ப வைத்தியருக்குப் போன் அடியுங்கள் என்று பதில் எழுதினேன். ஆனால் அது இரண்டாவதாகச் செய்தது. முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.