ஓ.டி. என்கிற விருந்தாளி

அப்பாவின் சட்டையில் எப்போதும், மெஷின் சூடாகாமல் இருக்க ஊற்றும் கூலன்ட் ஆயில் வாசனை இருக்கும். எந்த சோப்பு போட்டாலும் போகாது. மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டுக்குள் அந்த வாசனை வந்தால், அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டார் என்று அர்த்தம்...

ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வாக்குக் கொடுப்பதில் தாராள மனசு. பார்க், பெங்களூர், பிறந்தநாள் கேக்... எதுவும் நடக்காது. கேட்டால் ஒரே பதில்தான்.

"ஓ.டி. வந்துருச்சு பாப்பா."

அது ஓவர்டைம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஓ.டி. என்பவர் அப்பாவின் சிநேகிதர், நேரங்காலம் தெரியாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறவர் என்றே நினைத்திருந்தேன். அந்த ஆள் மேல் அப்படி ஒரு கோபம்.

நான்காம் வகுப்பில் ஆண்டு விழா. நடனத்தில் நான் முன்வரிசை. அப்பா சத்தியமே செய்தார்.

"ஷிஃப்ட் மாத்திக்கறேன். மொத வரிசைல உக்காந்து கை தட்டறேன், பாரு."

"ஓ.டி. வந்தா அவரையும் கூட்டிட்டு வந்துடுங்கப்பா" என்றேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாராம். பக்கத்து வீட்டு கன்னட ஆன்ட்டிகூட என்னைப் பார்த்தால், "ஓ.டி. பந்த்னா?" என்று, அவன் வந்தானா என்று, கன்னடத்தில் கிண்டல் செய்வார்.

விழாவுக்கு அம்மா மட்டும்தான் வந்தாள். வாசலையே பார்த்துக்கொண்டு ஆடியதில் ஸ்டெப் தப்பிப்போனது.

வீட்டுக்கு வந்தால், அப்பா கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு ஓ.டி.யும் இல்லை, ஒன்றும் இல்லை. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்திருக்கிறார்.

என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன பாப்பா, மூஞ்சியெல்லாம் ரோஸ் பவுடரு?" என்றார்.

நான் போய் முகம் கழுவிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழுவினேன்...

வேலை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மறந்தே போய்விட்டாரே, அதுதான் ஆறவில்லை. ஓ.டி.யையும் கூட்டிட்டு வரச் சொன்னதை மட்டும் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். எந்த நாளுக்காகச் சொன்னேன் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

இப்போது நானும் ஷிஃப்ட் வேலைக்காரி. கம்பெனி பஸ், ஓசூர் டிராஃபிக்... வீடு வந்து சேர்ந்தால் பேசக்கூடத் தெம்பு இருப்பதில்லை. அப்பா அன்று ஏன் அப்படிப் படுத்துக் கிடந்தார் என்று புரிகிறது. ஆனாலும் வருத்தம் போகவில்லை.

போன வாரம் என் மகளுக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயம். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "சாரிடி கண்ணு" என்றேன்.

அவள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "பரவால்லம்மா. நீ சொன்னப்பவே நான் எதிர்பாக்கல."

அவள் வயதில் நான் காத்துக்கொண்டாவது இருந்தேன்.