கொம்பில் நீல வலை சுற்றிய மான்

தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பதும் ஒரு தொழில்தான் என்று நான் சொன்னால், வேலைக்குப் போகிறவர்கள் சிரிப்பார்கள். நாலு பேர் பெயர் போட்டு ஒருவர் மட்டும் செய்கிற குறூப் புறொஜெக்ட்டைச் செய்து பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். இது அவர்களுக்காக எழுதுவது. நீங்களும் அப்படி ஒரு குறூப்பில் இருந்து, செய்யாத ஒன்றுக்குப் பேச்சு வாங்கியவரென்றால், ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

குரல்

எங்கள் வீட்டில் கதை சொல்லுகிறவர்கள் எல்லோரும் மெதுவாகத்தான் சொல்வார்கள். பயமான இடம் வந்தால் அப்பாவின் அப்பா, எங்கள் அப்பப்பா, குரலை இன்னும் இறக்குவார். நாங்கள் கிட்டக் கிட்ட அரக்கிப் போய்க் கடைசியில் அவருடைய மடியில் ஏறியிருப்போம். மெதுவாகச் சொன்னால் ஆட்கள் கிட்ட வருவார்கள் என்று நம்பி வளர்ந்தவன் நான். ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற கல்லூரிக்குப் படிக்க வந்த பிறகுதான், மெதுவாகச் சொன்னால் ஆட்கள் மற்றப் பக்கம் திரும்பித் தங்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள் என்று தெரிந்தது.

வகுப்பில் நான் ஒரு பகிடி சொல்வேன். ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற ரிஸ்மி அதையே சத்தமாகச் சொல்வான். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். ரிஸ்மி கிண்ணியாப் பெடியன். அந்த வகுப்பில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி. தான் அப்படிச் செய்வது அவனுக்கே தெரியாது. எனக்கும் கோபமில்லை, பகிடி வீணாகப் போகவில்லையே என்று இருந்துவிடுவேன். கன்டீனிலும் இதே நிலைமைதான். தேத்தண்ணி கேட்டுவிட்டு நிற்பேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பி வைக்கிற நேரத்தில்தான் கன்டீன் அக்கா என்னை நிமிர்ந்து பார்ப்பா.

"அட, தம்பி நிக்கிறீங்களே! வாயைத் திறந்து கேட்டாத்தானே தெரியும்."

ஓவசியர்

பின்னேரம் நானும் ரிஸ்மியும் பஸ் நிலையத்தில் ஒன்றாக நிற்போம். அவனுக்குக் கிண்ணியா பஸ், எனக்குக் கடற்கரை ஊரான சல்லிக்குப் போகிற பஸ். அங்கே மான்கள் நடமாடுவது வெளியூர்க்காரருக்குத்தான் புதினம். எங்களுக்கு அவை, பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போன இன்னும் கொஞ்சப் பேர். சோற்றுப் பார்சல் சுற்றின பிளாஸ்ரிக் தாளைக் குப்பை வாளிக்குள்ளிருந்து இழுத்து, சோறு ஒட்டியிருக்கிறது என்று தாளையும் சேர்த்து விழுங்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கஷ்டமாக இருக்கும்.

ஒரு நாள் ரிஸ்மிக்கு ஒரு கதை சொன்னேன். ஒரு மான் இருந்ததாம். அதன் கொம்பில் நீல வலைத்துண்டு ஒன்று சுற்றியிருந்ததாம். விடிய எழும்பித் துறைமுகப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு குப்பை வாளியாக மூக்கால் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போகுமாம், வேலை சரியாக நடக்குதோ என்று பார்க்க வருகிற நகரசபை ஓவசியர் மாதிரி. அதனால் அதற்கு ஓவசியர் என்று பெயராம். கதையின் முடிவில் நான் நினைத்து வைத்திருந்ததையும் சொன்னேன்: மூடியின் அடியில் ஒரு கொளுக்கி வைத்தால், விரல் உள்ள ஆளுக்குத் திறக்கும், மூக்கு மட்டும் உள்ள ஓவசியருக்குத் திறக்காது. ரிஸ்மி போனைத் தட்டிக்கொண்டே "ம்… ம்…" என்றான்.

"மச்சான், பஸ் வந்திட்டுது. மிச்சத்தை நாளைக்குச் சொல்லு."

மூடியோடு வந்தவன்

ஊரில் உள்ள ஒரு பிரச்சினைக்குத் தீர்வு செய்துகொண்டு வரவேண்டும் என்பது அந்தத் தவணைப் புறொஜெக்ட். என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொரு குறூப்பும் வகுப்பில் சொல்ல வேண்டும். என் குறூப்பில் எல்லாவற்றையும் தர்ஷினிதான் பேசித் தீர்மானிப்பாள். குப்பை வாளி மூடியைப் பற்றி அவளுக்கும் சொல்லத்தான் தொடங்கினேன். "நீ ஏதாவது செய்துகொண்டு வா, நாங்கள் பேர் போடுறம்" என்று எழும்பிப் போய்விட்டாள். அதனால் சொல்ல வேண்டிய நாளன்று காலை வகுப்புக்குப் போகாமல் வெல்டிங் கடையில் குந்தியிருந்து மூடியைச் செய்வித்தேன். கொளுக்கி சரியாக விழும்வரைக்கும் அந்த அண்ணர் பொறுமையாகத் தட்டித் தந்தார்.

மத்தியானம் மூடியும் கையுமாக வகுப்புக்கு வந்து, எங்கள் முறை வந்ததும் எழும்பி நின்று, மான், குப்பை வாளி, கொளுக்கி என்று சொல்லத் தொடங்கினேன். அந்த ஒரு தரம்தான் நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. வகுப்பு அப்படி அமைதியாகிவிட்டது. காலையில் ரிஸ்மியின் குறூப் அதே மானையும் அதே வாளியையும் அதே கொளுக்கியையும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மானை இந்த ஊரில் எல்லோரும்தான் பார்க்கிறோம், அவனுக்கும் தோன்றியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ரிஸ்மி அப்படி நினைக்கவில்லை. கையிலிருந்த மூடியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காலமை நாங்க சொன்னத ஆரிட்டயோ கேட்டு, மத்தியானத்துக்குள்ள மூடியும் அடிச்சுப் போட்டாய். கூட இருந்துகொண்டே செய்திட்டாய், என்ன?"

தீர்ப்பு

புறொஜெக்ட்டைப் பார்க்கிற சேர் எங்களிருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவருக்கும் அன்றைக்கு எத்தனையோ வேலை. "நான் முதலே நினைச்சு வச்சிருந்தனான் சேர்" என்றேன். ஆருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டார். தர்ஷினியைப் பார்த்தேன். "எனக்குக் கேட்ட ஞாபகமில்லை சேர்" என்றாள். பொய் சொல்லவில்லை, பாவம். அவளுக்கு உண்மையிலேயே கேட்டிருக்கவில்லை. ரிஸ்மிக்குச் சொன்னேன் என்று சொல்லலாம்தான். ஆனால் போனைத் தட்டிக்கொண்டு நின்றவனுக்கு அது கேட்டிருக்கும் என்று எனக்கே நம்பிக்கையில்லை.

மான் புறொஜெக்ட் ரிஸ்மியின் குறூப்புக்குப் போனது. எங்களுக்குக் கன்டீன் தண்ணிக் குழாய் ஒழுகுவதை நிறுத்துகிற வேலை கிடைத்தது. மூடியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கருவாட்டு வாளிக்குப் போட்டா, அளவாக இருந்தது. சேர் கடைசியாகச் சொன்னதுதான் காதுக்குள் நின்றது.

"ஆர் களவெடுத்ததெண்டு எனக்குத் தெரியாது தம்பி. ஆர் முதல்ல சொன்னதெண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

யோசிக்காதேங்கோ

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி விரிவாக எழுத அலுப்பாக இருக்கிறது. பட்டவர்களுக்குத் தெரியும். நான் மேசைப் பக்கம் போனால் கொப்பிகள் மூடுபடும். கன்டீனில் நான் வந்து இருந்தால் கதை நின்றுவிடும். ஆருடையதோ பேனை காணாமல் போனது. அது அவருடைய பையின் அடியில்தான் கிடந்தது, ஆனாலும் கிடைக்கிறவரைக்கும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். தர்ஷினி முகத்துக்கு நேரேயே சொன்னாள், கடைசித் தவணைப் புறொஜெக்ட்டுக்கு வேறு ஆட்களைப் பார்க்கச் சொல்லி. அந்தப் புறொஜெக்ட்டுக்குக் குறூப்பை நாங்களே சேர்க்க வேண்டும். குறூப் இல்லாதவருக்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாதவருக்கு டிப்ளோமா இல்லை. கேட்டுப் பார்த்த இடமெல்லாம் ஆள் நிரம்பிவிட்டதாம்.

ரிஸ்மி பஸ் நிலையத்தின் மற்ற முனைக்குப் போய் நிற்கத் தொடங்கினான். எனக்கு எல்லாவற்றிலும் கூட அதுதான் நொந்தது. இடையில் மான்கள் மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்தன. வகுப்பில் பின் வாங்கிலில் இருக்கிறவன் ஒருவன், நான் வாசலில் தலைகாட்டினால் போதும், கையைத் தூக்கிக் கத்துவான்.

"டேய், கோகுலன் வாறான், ஒருத்தரும் யோசிக்காதேங்கோ!"

நீலம்

தவணை முடிவில் ரிஸ்மியின் குறூப் தங்கள் வேலையைத் திரையில் போட்டு விளக்கியது. ரிஸ்மி நன்றாகப் பேசினான். வாளி, மூடி, கொளுக்கி எல்லாம் சரி. அதற்குப் பிறகு சொன்னான்: "சேர், துறைமுகப் பக்கம் ஒரு மான் இரிக்கு. கொம்பில நீல வலைத்துண்டு சுத்திக்கிடக்கு. விடிய எழும்பி ஒவ்வொரு வாளியா மூக்கால தூக்கிப் பாத்துக்கொண்டு போகும். அதை வச்சுத்தான் நாங்க இதை யோசிச்சம்."

அப்படி ஒரு மான் இல்லை. நீல வலைத்துண்டு எங்கள் சல்லிக் கரையில் காலில் சிக்குகிற சாமான். அதை எடுத்து மானின் கொம்பில் சுற்றியது நான், கதையில். ரிஸ்மியின் முகத்தில் கள்ளம் ஒன்றுமில்லை. அந்த மானைக் கண்ணால் கண்டவன் போலத்தான் நின்றான். கையை உயர்த்தினேன். "அந்த மான்…" என்றேன். முன் வரிசையைத் தாண்டவில்லை. சேர் கொட்டாவியை மறைத்துக்கொண்டு ரிஸ்மியின் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கு. அந்த மானிட படம் ஒண்டு எடுத்துக் கொண்டு வாங்கோ, அறிக்கையில போடலாம்."

தேடல்

ரிஸ்மி படம் எடுக்கத் திரிந்தது ஊருக்கே தெரியும். கோட்டை வாசல், கடற்கரை, மீன் சந்தை என்று எங்கும் போனை நீட்டிக்கொண்டு அலைந்தான். கொம்பு உள்ள மான் கிடைத்தது, காது கிழிந்த மான் கிடைத்தது, நீல வலை சுற்றின மான் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு பின்னேரம் களைத்துப்போய் பஸ் நிலையத்துக்கு வந்தான். வெயிலில் முகம் கறுத்திருந்தது. எங்களுக்குள் கதை பேச்சு இல்லை என்பதை மறந்துவிட்டானாக்கும், நேரே என்னட்ட வந்தான். "மச்சான், அந்த ஓவசியர் எங்கடா நிக்கும்?" என்றான்.

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். "அதான்டா, ஓவசியர். நீ சொன்ன…" என்று தொடங்கியவன் அப்படியே நின்றான். வாய் திறந்தபடி இருந்தது. பக்கத்தில் இரண்டு மான்கள் ஆரோ போட்ட பாண் துண்டைத் தின்றுகொண்டு நின்றன. "அப்பிடி ஒரு மான் இல்லை, ரிஸ்மி" என்றேன். "அந்த வலையைக் கட்டினது நான்."

சீமெந்துக் கட்டில் குந்திவிட்டான். "அல்லாவே, அப்ப நானா கள்ளன்?" என்று கேட்டான். அவன் கேட்டவிதத்தில் எனக்கு இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. வந்தது ஒன்றுதான். ஒரு சொல் விடாமல் அவனுக்குக் கேட்டது.

"இல்லை மச்சான். நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நீதான்."

திருத்தம்

ரிஸ்மி அடுத்த நாளே சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். புள்ளிகள் மேலிடத்துக்குப் போய்விட்டன, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார் அவர். பிறகு வகுப்பு வட்ஸ்அப்பில், கோகுலன் களவெடுக்கவில்லை, பிழை தன்னுடையது என்று நீளமாகக் குரல் பதிவு போட்டான். கொஞ்சப் பேர் கட்டைவிரல் போட்டார்கள். பின் வாங்கில்காரன், முழுக்கக் கேட்க நேரமில்லை, சுருக்கமாக எழுது என்றான். தர்ஷினி மட்டும் கன்டீனில் என் மேசைக்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

ரிஸ்மி தன் குறூப்பை விட்டு விலகி, கடைசிப் புறொஜெக்ட்டுக்கு என்னோடு சேர்ந்தான். இரண்டு பேர் இருந்தால் குறூப் என்று சேர் ஒத்துக்கொண்டார். இப்போது பஸ் நிலையத்தில் நான் கதை சொல்லத் தொடங்கினால் போனைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிடுகிறான்.

"நீ மெதுவாவே சொல்லு மச்சான். நான் சத்தமாச் சொல்லக்குள்ள முதல்ல உன்ட பேரைச் சொல்லிட்டு மறுகா சொல்றன்."

என்னைக் கள்ளன் என்று சொன்னபோது முழு வகுப்பும் கூடியிருந்தது. இல்லை என்றானபோது பாண் தின்ன வந்த இரண்டு மான்கள்தான் நின்றன, அவையும் பாணைத்தான் பார்த்தன.