ஓவாமலைக்கு ஒரு நாள் தாமதம்

புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு மதுரையில் ரயில் நின்றது. நடைமேடையில் இறங்கியதும் பையிலிருந்து வரைபடத்தை எடுத்தேன். சிவப்பு மையில் நான் போட்டிருந்த வட்டங்களை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். மலேசியாவில், ஈப்போவில், ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நம் எழுத்தின் மிகப் பழைய வடிவமான தமிழியைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஓர் எழுத்தைக்கூடப் பாறையில் பார்த்ததில்லை. நாற்பத்தாறு வயதில் முதன்முறையாகத் தனியே கிளம்பி வந்திருந்தேன். ஞாயிறு மதியம் திரும்ப விமானம். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நிலையத்துக்கு வெளியே பாண்டி என்பவரின் ஆட்டோ கிடைத்தது. கோச்சடைக்கு நூற்றெண்பது ரூபாய். முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. என் மடியில் விரிந்திருந்த வரைபடத்தைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "அக்கா, திருவாதவூருக்கு எதுக்கு வட்டம் போட்டிருக்கீங்க? அது எங்க ஊரு" என்றார்.

"அங்க ஓவாமலையில ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின எழுத்து இருக்கு. வெள்ளிக்கிழமை போகலாம்னு இருக்கேன்."

"எங்க ஊர்லயா?" வண்டியின் வேகம் குறைந்தது. "சின்னப்புள்ளையில ஆடு மேய்க்க அடிவாரம் வரைக்கும் போயிருக்கேன். மேல ஏறுனதில்ல. வெள்ளிக்கிழம நானே கூட்டிட்டுப் போறேன். நானும் பாத்த மாதிரி இருக்கும்."

கோச்சடையில் வைகைக்குப் பக்கத்துத் தெருவொன்றில் அறை எடுத்திருந்தேன். ஒரு நாளுக்கு ஆயிரத்து நானூறு. குளித்த கையோடு ஊருக்குள் போய்விட்டேன். அன்று சாப்பிட்டதையெல்லாம் எழுத இடம் போதாது. வெண்ணெய் மாதிரி இட்லி, மூன்று வகைச் சட்னி, பகலில் கரும்புச் சாறு, சாயங்காலம் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய். வியாழக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். பாறையில் செதுக்கிய உருவங்களுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது ஒரு வண்டியில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத், அடுத்த வண்டியில் வெட்டி வைத்த பப்பாளி. எது என்னை மடக்கியது என்று இன்றுவரை தெரியாது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டுத் தின்றது நான்.

வெள்ளிக்கிழமை விடியும்போது வயிற்றில் ஒரு முறுக்கு. ஐந்து மணியிலிருந்து ஆறரைக்குள் ஐந்து முறை போய்விட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் குடித்தால் திரும்பவும் போகுமோ என்று பயந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஏழு மணிக்குப் பாண்டி வந்து ஹாரன் அடித்தார். வரமுடியாது என்று சொல்ல நினைத்துக் கதவைத் திறந்தவள், "கிளம்பலாம்" என்றேன். பதினெட்டு வருட ஆசை அப்படிப் பேச வைத்தது.

மாட்டுத்தாவணி தாண்டி, ஒத்தக்கடையில் யானைமலை முழுசாகத் தெரிந்தது. படுத்திருக்கும் யானையின் முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை விரல்கள் மரத்துப்போயின. திருவாதவூர் சாலையில் திரும்பி நான்கைந்து கிலோமீட்டர் போயிருப்போம்.

"பாண்டி, நிறுத்துங்க."

வயலோரம் இறங்கி வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது பச்சை வயல் மொத்தமும் கறுத்தது. பாண்டி என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, உடனே போனை எடுத்தார்.

"முத்து, நம்ம அக்காவுக்கு வயித்தால போகுது. வாந்தியும். மயக்கம் மயக்கமா வருது. ஆமா. வீட்டுக்கே கூட்டிட்டு வாரேன்." என்னிடம் திரும்பினார். "வீட்டுக்காரி நர்ஸுக்கா. கவர்மெண்டு சுகாதார நிலையத்துல. இன்னைக்கு லீவு. பயப்படாதீங்க."

எட்டேகாலுக்கு அவர்கள் வீட்டு முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தேன். முத்துலட்சுமி என் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். மடிப்பு மெல்லத்தான் மறைந்தது; உடம்பில் அவ்வளவு தண்ணீர் குறைந்திருந்தது. காய்ச்சல் பார்த்தார்; இல்லை. பிறகு வரிசையாகக் கேள்விகள்.

"ரத்தம், சளி ஏதும் போச்சா டீச்சர்?"

"இல்ல."

"ஒண்ணுக்கு எப்பப் போனீங்க?"

யோசிக்க வேண்டியிருந்தது. "ராத்திரி. படுக்கறதுக்கு முன்னாடி."

அவர் முகத்தில் அப்போதுதான் கவலை தெரிந்தது. என் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துத் தன் மேஜை மேல் வைத்துக்கொண்டார். "இது இப்ப வேணாம். போறது போகட்டும். போற தண்ணிய நாம திரும்ப உள்ள ஊத்துவோம்."

ஆறவைத்த வெந்நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் சரியாக அளந்தார். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை முழுதாகக் கொட்டிக் குலுக்கினார். "ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட்டு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது." தாகத்தில் நான் மடக்கென்று அரை டம்ளர் குடித்தேன். அடுத்த நிமிடமே எல்லாம் வெளியே வந்தது. அவர் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தார். அதன் பிறகு ஸ்பூனால் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு ஸ்பூன், கொஞ்ச நேரம், இன்னொரு ஸ்பூன். வாந்தி நின்றது.

"ரெண்டு மணி வரைக்கும் பாப்பேன்" என்றார். "அதுக்குள்ள ஒண்ணுக்கு வரலைன்னாலும், காய்ச்சல் ஏறுனாலும், நேரா மேலூர் பெரியாஸ்பத்திரி. டிரிப்ஸ் ஏத்தணும். அப்பறம் மலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், அடுப்படியை ஒட்டி இருந்தது. மெல்லிய தகரக் கதவு. முதல்முறை எழுந்து போனபோது கூச்சத்தில் உடம்பு குறுகியது. அந்த வீட்டில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். பாண்டி இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முன்னறைக்கு வந்து டிவி சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார். ஏதோ பழைய கிரிக்கெட் ஆட்டம் ஓடியது. நான் திரும்பி வந்ததும் சத்தத்தைக் குறைத்தார். அன்று முற்பகல் முழுக்க அந்த டிவி ஏறி ஏறி இறங்கியது.

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு லிட்டர் முடிந்து இரண்டாவது பாட்டில் பாதி ஆகியிருந்தது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். முத்துலட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் தூங்கிவிடாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தார். அவருடைய அப்பாவும் மாமனாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். இவர் மேலூருக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து நர்ஸானார். இப்போது ஓர் ஏக்கர் சொந்தமாக வாங்கி நெல் போட்டிருக்கிறார்கள். "சுத்துப்பட்டி அம்புட்டு வீட்டுக்கும் தடுப்பூசி போடப் போயிருக்கேன். அந்த மலைமேலதான் போனதில்ல. அங்க யாருக்கு ஊசி போடுறது?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஒன்று நாற்பதுக்குக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தேன். அடுப்படி வாசலில் நின்றிருந்தவரிடம், "போயிட்டேன்" என்றேன். பரீட்சை முடிவைச் சொல்வதுபோல இருந்தது.

"என்ன கலரு?"

"கொஞ்சம் மஞ்சள்."

"பொழச்சீங்க" என்றார் முத்துலட்சுமி. வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "ஏங்க, மேலூர் போக வேணாம்" என்று குரல் கொடுத்தார். ஒரு மணிக்கே ஆட்டோவைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு, அதிலேயே காத்திருந்திருக்கிறார் பாண்டி. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் முத்துலட்சுமி குழைய வடித்த சோற்றில் உப்பும் தயிரும் போட்டுப் பிசைந்து தந்தார். ஒரு வாழைப்பழம். இரண்டு நாள் மதுரை விருந்தில் இந்தச் சுவை எங்கேயும் இல்லை. இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. வயிறு அமைதியாக இருந்தது. கால்கள் மட்டும் பஞ்சு. முத்துலட்சுமி கரைசல் பாட்டிலைக் கூடையில் வைத்தார். ஒன்பது மணிக்குத்தான் அவருக்கு டூட்டி, அவரும் வருகிறார். ஓவாமலை பெரிய மலையல்ல, ஊரை ஒட்டிய பாறைக்குன்று. எனக்கு அன்று அது இமயம். இருபது அடிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். உட்காரும்போதெல்லாம் பாட்டில் கைக்கு வந்தது.

குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாமலிருக்க வெட்டிய விளிம்பு. அதை ஒட்டி எழுத்துகள்; குகைக்குள்ளே சமணத் துறவிகள் படுக்க வெட்டிய கல்படுக்கைகள். முதலில் பாறையின் சொரசொரப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது. வெயில் சாய்வாக விழுந்தபோது ஒரு கூட்டல் குறி தெரிந்தது. அது 'க'. நான் பலகையில் ஆயிரம் தடவை எழுதிய 'க', என் கையகலத்துக்குக் கல்லில் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. இது நோயல்ல என்று எனக்குத் தெரியும். விரலைக் காற்றில் ஓட்டி ஓட்டி, புத்தகத்தில் படித்த சொல்லை அங்கே கண்டுபிடித்தேன்: கொட்டுபித்தோன்.

"அப்படின்னா?" என்றார் பாண்டி.

"கொட்டுதல்னா கல்லை வெட்டுறது. இந்தப் படுக்கையெல்லாம் ஆள் வெச்சு வெட்டிக் கொடுத்தவர். அவர் பேரு முன்னாடி இருக்கு."

பாண்டி வழுவழுப்பான கல்படுக்கையைத் தடவிப் பார்த்தார். "வெட்டுனவன் பேரு?"

"அது இல்ல."

முத்துலட்சுமி, "எம்புட்டு நாள் உக்காந்து வெட்டுனாகளோ" என்றார். மூவரும் அந்தப் படுக்கையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். கீழே பச்சையும் மஞ்சளுமாக வயல்கள் விரிந்து கிடந்தன. எது தங்களுடைய ஏக்கர் என்று இருவரும் எனக்குக் காட்டினார்கள்.

ஞாயிறு காலை வில்லாபுரம் வழியாக விமான நிலையத்துக்குப் போனோம். ஈப்போவிலும் எங்களுக்குச் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு, குகைகள் உண்டு, நல்ல மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் அங்கே சாலையோரம் மயங்கிய ஒரு வெளியூர்க்காரியைக் கூட்டிப்போய் என் கட்டிலில் படுக்க வைத்திருப்பேனா என்று யோசித்தேன். நேர்மையான பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியை இறக்கி வைத்த பாண்டியிடம், "இந்தப் பயணத்தைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன்" என்றேன். "நடந்தது அத்தனையும். உங்களுக்குச் சம்மதமா?"

"உங்க வயித்த உங்க இஷ்டத்துக்கு எழுதுங்கக்கா" என்று சிரித்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர், கிளப்பாமல் ஒரு நிமிடம் தயங்கினார். "முத்து பேர மட்டும் விட்டுறாதீங்க."